தாயார் இல்லாத முதல் பெருநாள்

 

கொள்ளிடக் கரையிலுள்ள நம் திருமானூர்ப் பகுதியில், பிழைப்புக்காக வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஒன்றாக வீடு சேர்வது பெருநாள் லீவில்தான். தாயார் மவ்த்தான பிறகு வரும் முதல் பெருநாளில், சாப்பாட்டு சஹன் எடுப்பதற்குள் பேச்சு நகைக்குப் போய்விடுகிறது. “கடைசிவரை பார்த்தது யார்?” என்பார் ஒருவர். “ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பியது யார்?” என்பார் இன்னொருவர். அத்தா வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களின் தாயார், மகன் ஊரில் இல்லாதபோது வஃபாத்தானார்கள். தாயாருக்காகத் தர்மம் செய்தால் பலனுண்டா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டு, உண்டு என்றதும் தம் தோட்டத்தையே தர்மமாக்கினார் என்று புகாரியில் வருகிறது. தாய்க்காக என்ன கொடுக்கலாம் என்பதே அவருடைய கேள்வி. நாமோ என்ன கிடைக்கும் என்று கேட்கிறோம்.

பங்கு கேட்பது தவறில்லை; அது அல்லாஹ் விதித்த உரிமை. முறை இதுதான்: முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து மூன்றில் ஒரு பாகத்துக்கு மிகாத வஸிய்யத், மீதியே வாரிசுகளுக்கு. கணவர் கொடுக்காத மஹர் பாக்கியும் தாயாரின் சொத்தே.

கணக்கு அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்களில் இருக்கிறது. தாயாரின் பெற்றோர் முன்பே மவ்த்தாகி, கணவர், இரு மகன்கள், ஒரு மகள் இருந்தால், 20 பவுனில் கணவருக்கு 5, மகன்களுக்கு ஆளுக்கு 6, மகளுக்கு 3. “அம்மா நகை மகளுக்கே” என்பதும் சரியல்ல. “சீர் செய்தாச்சு, அவளுக்குப் பங்கில்லை” என்பதும் சரியல்ல. வயல் பெண்ணுக்கு இல்லை என்பதும் செல்லாது: 1937 ஷரீஅத் சட்டத்தில் விடுபட்ட விவசாய நிலத்தை 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் சேர்த்துவிட்டது.

பங்கு இன்னதென்று தெரிந்து மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. அண்ணனுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வது வேறு.

ஆகவே பெருநாளன்று சொத்துப் பேச்சு வேண்டாம். மறுநாள் ஆலிம் ஒருவரையும் ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் வைத்து, பெண்களையும் உட்காரவைத்து எழுதிக்கொள்வோம். பெருநாளன்று தாயாருக்காக துஆச் செய்வோம். பேசாதிருக்கும் உடன்பிறப்புக்கு முதல் ஸலாமை நாமே சொல்வோம். முறித்தவரோடு சேர்ந்துகொள்பவரே உறவைப் பேணுபவர் என்பது நபிவழி.

அல்லாஹ் நம் குடும்பங்களை ஒன்றுசேர்த்து வைப்பானாக, ஆமீன்.