எந்த நாட்டில் குடியேறுவாய்? ஏழாம் வகுப்புக்கு ஒரு பொருளாதாரப் பாடம்

"எந்த நாட்டில் போய் வாழ ஆசை?" என்று கேட்டால் ஏழாம் வகுப்பில் கை தூக்காத பிள்ளை இருக்காது. அந்த ஆசையையே பொருளாதாரப் பாடமாக்கிவிடலாம். ஐந்து பாடவேளை ஒதுக்கினால் போதும். தேர்ந்தெடுத்த நாட்டுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லத் தெரிந்துவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.

முதலில், நாடுகளை நீங்களே கொடுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் பாதிப் பேர் அமெரிக்கா என்பார்கள். டென்மார்க், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், கியூபா ஆகிய நான்கும் நல்ல தேர்வு. எதை உற்பத்தி செய்வது, எப்படி, யாருக்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் இவை வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன. ஒரு குழுவுக்கு ஒரு நாடு.

அடுத்து, நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் 'கிடைப்பது', வலப்பக்கம் 'கொடுப்பது'. இடப்பக்கம் எதை எழுதினாலும் வலப்பக்கம் அதற்கு இணையான ஒன்றைத் தேடியே ஆக வேண்டும். பாடத்தின் உயிர் இந்தத் தேடலில்தான் இருக்கிறது; இதற்கு இரண்டு பாடவேளைகூட ஒதுக்கலாம்.

டென்மார்க் குடிமக்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் கிடையாது. மாணவர்களுக்கு அரசே மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கடையில் வாங்கும் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி. வருமான வரி தனி. வரி என்றாலே பெரியவர்கள் விவகாரம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வீட்டிலிருந்து ஒரு மளிகைக் கடை பில்லைக் கொண்டுவரச் சொல்லி, ஜி.எஸ்.டி. வரியைக் காட்டுங்கள்.

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க, 1990 முதல், காரின் விலையோடு தனி உரிமச் சான்றிதழும் ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மட்டுமே செல்லும் அந்தச் சான்றிதழ் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிய காலமும் உண்டு. அந்தச் சிறிய தீவில் சாலை நெரிசலைக் கட்டுக்குள் வைக்க இந்த ஏற்பாடு. நல்ல பேருந்தும் ரயிலும் இருந்தால் கார் வேண்டாமா என்று வகுப்பை விவாதிக்க விடுங்கள். அடங்க நேரம் பிடிக்கும்.

அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அங்கே வசிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டவர். வேலை போனால் பெரும்பாலும் நாட்டையும் விட வேண்டியிருக்கும். அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். தானாகப் பேசினால் கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

கியூபாவில் கல்வியும் மருத்துவமும் இலவசம். 1962 முதல் ரேஷன் புத்தகமும் உண்டு. பொருள் தட்டுப்பாடும் நீண்ட வரிசையும் வலப்பக்கம் வரும்.

மூன்றாவது வேலை கணக்கு. டென்மார்க் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதோடு நிறுத்திவிடக் கூடாது. பணத்தை நேரமாக மாற்றச் சொல்லுங்கள்: அந்த ஊர்ப் பேருந்து ஓட்டுநர் ஒரு டஜன் முட்டைக்கு எத்தனை நிமிடம் உழைக்க வேண்டும்? முடி வெட்டிக்கொள்ள? ஒரு மாத வாடகைக்கு? சம்பளம் உயர்ந்த ஊரில் முடி வெட்டுபவரின் கூலியும் உயர்ந்திருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். விலைகளை அரசுப் புள்ளிவிவரத் தளங்களிலும் உலக வங்கித் தளத்திலும் தேடுவது நல்லது. பயனர்களே விலை பதிவிடும் தளமானால் இன்னொரு இடத்திலும் சரிபார்க்க வேண்டும்.

தனிநபர் வருமானம் என்ற எண் வரும்போது ஐந்து பேரை முன்னால் அழைத்து நிறுத்துங்கள். நால்வரிடம் பத்து ரூபாய், ஒருவரிடம் 460 ரூபாய். சராசரி 100. அந்த நால்வரிடம் 'உங்களிடம் நூறு ரூபாய் இருக்கிறதா?' என்று கேளுங்கள். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதன் பிறகுதான் தேர்வு. எல்லாரும் தமக்குப் பிடித்த நாட்டை எழுதி மடித்து வைக்கட்டும். பிறகு சீட்டு எடுக்கட்டும்: இரண்டு குழந்தைகளுள்ள செவிலியர், தனியாக வாழும் எழுபது வயதுப் பாட்டி, கடை திறக்க நினைக்கும் இளைஞர், சக்கர நாற்காலியில் செல்பவர், நேற்று வந்திறங்கிய கட்டடத் தொழிலாளி. இப்போது அதே நாடுதானா? குடிமகனுக்குக் கிடைப்பது குடியேறியவருக்கும் கிடைக்குமா? மூன்றாம் சுற்றில் சீட்டைப் பார்க்காமலேயே நாட்டை முடிவுசெய்யச் சொல்லுங்கள். தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' நூலின் மையச் சிந்தனை இது. பன்னிரண்டு வயதுக்கும் எட்டும். அதிகச் சம்பளம் எங்கே என்ற கேள்வி பின்னுக்குப் போய், அடிமட்டத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி முன்னுக்கு வரும்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும் 'வாய்ப்புச் செலவு' என்ற சொல்லை இப்போது கரும்பலகையில் எழுதுங்கள். முதல் நாளே எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும். இந்தியாவையும் அதே கோட்டின் இரு பக்கமும் எழுதிப் பார்க்கச் சொல்ல இதுவே நேரம்.

எந்த நாடு என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். 'நான் இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தேன், அதற்காக இதை விட்டேன், ஏனென்றால்...' என்று எழுதும் பத்திக்குக் கொடுங்கள். மூன்று சுற்றிலும் மூன்று நாடு எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஏன் மாற்றினான் என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள்.