உடலைப் பேணும் கடமை யாருடையது?

திருநெல்வேலியிலிருந்து தெற்கே செல்லும் பெருவழி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயாகிய ஆரல்வாய்மொழியைக் கடந்து நாஞ்சில் நாட்டிற்குள் புகுகின்றது. சிதறால் மலையைத் தரிசிக்க வட மாவட்டங்களிலிருந்து செல்லும் நம் குடும்பங்களில் பலவும் இவ்வழியே செல்கின்றன. தென்மேற்குப் பருவக் காலத்தில் அக்கணவாயில் வீசும் காற்றின் வேகத்தை, அருகே முப்பந்தலில் நிறுவப்பெற்றுள்ள காற்றாலைகளே எடுத்துரைக்கும். அக்காற்றை எதிர்த்துச் சிறிது தொலைவு நடப்பவர்க்கும் தம் மூச்சின் வலிமையும் காலின் வலிமையும் உடனே புலனாகிவிடும்.

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை அதனினும் கண்டிப்பான ஆசிரியர் எனலாம். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சிறந்து விளங்கிய சமணத் தலம் அது. தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காண விழைவோர் மலைவழியில் நடந்தே ஏறுதல் வேண்டும். அங்கே நாற்பது வயது நிரம்பியவர்கள் பாதி வழியில் மூச்சிரைக்க அமர்ந்துவிடுவதை நாம் காண்கின்றோம். காரணம் வினவினால், "வயதாகிவிட்டது" என்பர்; "எல்லாம் ஊழ்" என்பர். இவ்விடை பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அவரவர் செய்வினையின் பயனை அவரவரே நுகர்தல் வேண்டும் என்பது நம் அறத்தின் அடிப்படை. அக்கொள்கை முயற்சியைத் தடுப்பதன்று. முயற்சியை நம் கையில் ஒப்படைப்பது. ஒருவர் செய்யும் நல்வினை மற்றவர் கணக்கில் சேராது. அவ்வாறே ஒருவர் நடக்கும் நடை மற்றவர் உடலுக்கு உரம் தாராது. சமணச் சான்றோராகிய காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயரையே இட்டனர். மருந்தும் அறமும் உட்கொள்பவர்க்கே பயன் தரும். ஆதலின் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளின் வரிசையிலேயே உடல்நலத்தையும் ஆராய்தல் தகும்.

முதலாவது, உள்ளதை உள்ளவாறு காண்டல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023-இல் வெளியிடப்பெற்ற ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உள்ளதெனக் கணக்கிட்டது. நாடு முழுவதும் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் என்றால், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர். இரத்தக் கொதிப்போ நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இருந்தது.

இவ்விரு நோய்களும் தொடக்கத்தில் வலியைத் தருவதில்லை. கண், சிறுநீரகம், இதயம் ஆகியன பழுதுற்ற பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். "எனக்கு ஒரு நோயும் இல்லை" என்பது அளந்து பாராதவரை வெறும் நம்பிக்கையே. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இவ்வளவுகளைப் பார்த்தனர். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவம் வாயில் வரை வரலாம். கையை நீட்ட வேண்டியவர் நாமே.

இரண்டாவது, அறிந்து தெளிதல்

இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவையோ, உணவுக்கு முன் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் என்னும் அளவையோ எட்டினால், மீண்டும் சோதித்து உறுதி செய்து மருத்துவரின் வழிப்படி நடத்தல் வேண்டும். இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் மிகுதல் எச்சரிக்கைக் குறியாகும்.

முயற்சியால் பயன் உண்டா? மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடைபெற்று 2006-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகின்றது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் பங்கு கொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில், மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவைத் திருத்தி, நடைப்பயிற்சியையும் மேற்கொண்டோரில் நூற்றுக்கு 39 பேரே நோயுற்றனர்.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. முயற்சியால் பலர் காக்கப்பெற்றனர் என்பது ஒன்று. முயன்றவரிலும் சிலர்க்கு நோய் வந்தது என்பது மற்றொன்று. பரம்பரை, வறுமை, விபத்து ஆகியவை நம் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. ஆதலின் நோயுற்றவரைப் பார்த்து, "நீ செய்த வினை" என்று சுட்டுதல் அறமாகாது. சொல்லாலும் பிறரை வருத்தலாகாது அன்றோ? ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த சமயம் நம்முடையது. பொறுப்பு என்னும் அளவுகோலால் நம்மை அளந்துகொள்வோமாக. பிறரை அளத்தல் வேண்டா.

மூன்றாவது, நடைமுறையில் ஒழுகல்

நம் முன்னோர் வகுத்த ஒழுக்கங்களுள் சில உடலுக்கும் துணையாவன. நீரை வடிகட்டிப் பருகுதல் சிற்றுயிர்களைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டது. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியபோது, வாந்திபேதி நோய் 48 விழுக்காடு குறைந்ததென 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. ஆயினும் துணி எல்லாக் கிருமிகளையும் தடுக்காது. வடிகட்டிய நீரைக் கொதிக்க வைத்தலே முழுக்காப்பு.

வயிறு நிரம்புமுன் உணவை நிறுத்தலும், கதிரவன் மறையுமுன் உண்ணுதலும் நமக்குப் புதியன அல்ல. ஆனால் பகலில் எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் மிகுதியாக உண்டு, இரவில் உண்ணவில்லை என்று நிறைவு கொள்ளுதல் உடலுக்கு உதவாது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அமைதல் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தலையும் அந்நிறுவனம் வலியுறுத்துகின்றது. அது நாளொன்றுக்கு அரைமணியாக வாரத்தில் ஐந்து நாள் நடையேயாகும்.

நோன்பு பற்றி ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் உபவாசம் மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் இன்றியமையாதது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உயிருக்கே இடர் நேரலாம். தசலட்சண நாள்களில் மருந்தைத் தாமே நிறுத்திவிடுதலும் கூடாது. ஆற்றலுக்கு ஏற்ப நோற்றலே தவமாகும். உண்ணாதிருக்க இயலாதவர் சுவையைத் துறக்கலாம்; சினத்தைத் துறக்கலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, ஓர் ஏட்டில் தேதியுடன் குறித்து வைத்தல்.
2. மாதம் ஒரு குடும்பத்திற்குச் செலவாகும் எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, சிறிது சிறிதாகக் குறைத்தல்.
3. அருகில் உள்ள ஜினாலயத்திற்கு, இயன்றவரை வாகனமின்றி நடந்து செல்லுதல்.
4. குடும்பத்தார்க்கு உணவிட்டுத் தம் மருந்தை மறக்கும் தாய்மார்களை, மற்றவர் நாள்தோறும் நினைவூட்டல்.

உடல் அழியக்கூடியதே, ஆயினும் நோற்பதற்கும் கற்பதற்கும் பிறர்க்கு உதவுவதற்கும் நமக்கு வாய்த்துள்ள கருவி அது ஒன்றே. அக்கருவியைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, அறம் செய்யப் பொழுதில்லை என்று பின்னர் வருந்துவதால் பயனில்லை. இவ்விதழைப் படித்து முடித்த இல்லத்தார், முதற்கண் தம் அளவுகளைப் பார்த்துக்கொள்வார்களாக.

பயிற்சி வினாக்கள்

1. வினைக்கொள்கை முயற்சியைத் தடுக்கின்றதா? விளக்குக.
2. நோயுற்றவரைப் பழித்தல் ஏன் அறமாகாது?
3. உம் இல்லத்தில் சென்ற ஓராண்டில் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்காதவர் யார், யார்?