கையறுநிலையும் ஓர் எதிர்கால வினைமுற்றும்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் தேம்பாவணிப் பகுதியில், தாயை இழந்த கருணையன் காட்டில் தனித்து நின்று புலம்புகிறான். உவமைகளையும் இலக்கணக் குறிப்புகளையும் கரும்பலகையில் எழுதி இப்பாடத்தை முடித்துவிடலாம். ஆனால் சிதம்பரத்தை அடுத்த எங்கள் அரசுப் பள்ளிக்குக் கிள்ளைப் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் ஆண்டுதோறும் தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றி, மலர் தூவி மக்கள் அழுவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். இவர்களிடம் சாவைப் பற்றிய கவிதையை எப்படிக் கொண்டு செல்வது?

நான் ஒரே ஒரு வினாவை வைத்துக்கொள்கிறேன்: இறந்தவரைப் பாடும் கவிதையில், இருப்பவர் எந்தக் காலத்தில் பேசுகிறார்?

முதலில் புறநானூற்றின் 112ஆம் பாடல். பாரி மகளிர் பாடிய கையறுநிலை. அன்றும் நிலவு இருந்தது, தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இன்றும் அதே நிலவு. தந்தை இல்லை, குன்றும் பிறர் கையில். இறந்தகாலமும் நிகழ்காலமும் அருகருகே நிற்கின்றன. துயரம் அந்த இடைவெளியில் இருக்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

அடுத்து ஒரு நூலின் தலைப்பு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983இல் ஜூலைக் கலவரம் நிகழ்ந்தது. அதற்குப் பின் 1985இல் வெளிவந்த ஈழக் கவிதைத் தொகுப்பு ‘மரணத்துள் வாழ்வோம்’. உ. சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராஜன் ஆகியோர் தொகுத்தது. 31 கவிஞர்களின் 82 கவிதைகள் அதில் உள்ளன. தலைப்பை மட்டும் பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்வேன்.

மரணத்துள் = மரணம் + அத்து + உள். ‘அத்து’ சாரியை, ‘உள்’ ஏழாம் வேற்றுமை இடப்பொருள்.
வாழ்வோம் = வாழ் + வ் + ஓம். ‘வ்’ எதிர்கால இடைநிலை. ‘ஓம்’ தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி.

சாவு இங்கே ஓர் இடமாகிவிட்டது. அந்த இடத்துக்குள் நின்றுகொண்டு ஒருவர் எதிர்காலத்தில் பேசுகிறார்; ‘நான்’ என்னாமல் ‘நாம்’ என்கிறார். பாரி மகளிர் பேசாமல் விட்ட மூன்றாவது காலம் இது. பகுபத உறுப்பிலக்கணம் மதிப்பெண்ணுக்கானது மட்டுமன்று என்பது அப்போது வகுப்புக்குப் புரிகிறது.

பிறகு, இழந்த ஒருவரை அல்லது ஒரு பொருளை நினைத்து மூன்று காலத்திலும் ஒவ்வொரு தொடர் எழுதச் சொல்வேன். ஒரு மாணவி எழுதினாள்: “ஆயா கருவாடு காயப்போட்டாங்க. பாய் மட்டும் கெடக்குது. நாளைக்கு நானும் அம்மாவும் காயப்போடுவோம்.” பேச்சுவழக்கை நான் திருத்தவில்லை. ‘போடுவோம்’ என்பதன் இடைநிலையை மட்டும் வட்டமிடச் சொன்னேன்.

இரண்டு பாடவேளைகள் போதும். சில எச்சரிக்கைகள் உண்டு. அண்மையில் வீட்டில் சாவு கண்ட பிள்ளை யாரென முன்பே அறிந்துகொள்ள வேண்டும். எழுதியதை யாரையும் கட்டாயப்படுத்தி வாசிக்கச் சொல்லக் கூடாது. தொலைந்த பேனாவைப் பற்றி எழுதினாலும் ஏற்க வேண்டும். மூன்றாவது தொடரை வெறுமையாக விடும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். வகுப்பு முடிந்ததும் அருகில் அழைத்துப் பேசுங்கள்.