களைகளை அழிக்கும் காளான்கள்

வரதராஜன்பேட்டைப் பிரதேசத்து மிராசுதாரர்கள் பயிருக்கு நோய் விளைக்கும் காளான்களை நன்கு அறிவர். நெல்லின் குலைநோயும் நிலக்கடலையின் துருநோயும் அவற்றால் உண்டாவனவே. களைகளுக்கும் இத்தகைய நோய்கள் உண்டு. காளானின் நுண்ணிய வித்துக்கள் ஈரமான இலைமேல் விழுந்து முளைத்து, உள்ளே நூல்போற் பரவிச் சத்தை உறிஞ்சுகின்றன. சில காளான்கள் ஒரே இனச் செடியை மட்டுமே பற்றும். பயிரை விட்டுக் களையை மாத்திரம் அழிக்கும் உபாயம் இக்குணத்தில் அடங்கியுள்ளது.

இதனைப் பிரயோகிக்கும் முறைகள் இரண்டு.

முதலாவது, மருந்துபோல் தெளித்தல். அமெரிக்காவில் நெல் வயல்களில் முளைக்கும், நமது நெட்டியின் இனத்தைச் சேர்ந்த களையொன்றை அழிக்க, காளான் வித்துக்களை உலர்த்திச் செய்த ‘கொல்லெகோ’ என்னும் மருந்து 1982-இல் பதிவு செய்யப்பட்டது. நெற்பயிருக்கு அதனால் தீங்கில்லை.

இரண்டாவது, காளானை ஒருமுறை விட்டுத் தானே பரவச் செய்தல். தேயிலைத் தோட்டங்களை மூடிப் படரும் மைக்கானியாக் கொடிக்கு எதிராக, டிரினிடாட் தீவின் துருக்காளான் தனிக்காப்பில் சோதிக்கப்பெற்று, 2005-இல் அஸ்ஸாமிலும் 2006-இல் கேரளத்திலும் விடப்பட்டது. அங்கு அது நிலைக்கவில்லை. பிஜித் தீவுகளிலும் பப்புவா நியூகினியிலும் நிலைபெற்றது. காளான் செழிக்க இடமும் பருவமும் பொருந்தவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நமக்குப் பெருந்தொல்லை தருவது பார்த்தீனியம். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000-க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கவல்லது. ஆஸ்திரேலியாவில் இதன்மீது துருக்காளான்கள் விடப்பட்டுள்ளன. ஆயினும் சூரியகாந்தி இதே குடும்பத்துப் பயிராதலின், தக்க சோதனையின்றி எந்தக் காளானையும் பரப்புதல் ஆபத்தாகும். இலைகள் நெடுநேரம் நனைந்திருந்தாலன்றித் துருக்காளான் பற்றாது; நமது கோடையில் அதனால் பயன் அரிது.

ஆகவே கவனிக்க வேண்டுவன:

1. நோயுற்ற களைகளைப் பிடுங்கி வேறு நிலங்களில் இடலாகாது.

2. சட்டப்படி பதிவுபெறாத காளான் மருந்துகளை வாங்கலாகாது.

3. மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில், பூக்குமுன், கையுறை அணிந்து பார்த்தீனியத்தை வேரோடு களைக. வெறுங்கையால் தொடின் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாகும்.

4. களைந்த தரிசில் தகரை விதை தூவுக. அது செழித்து வளர்ந்து களையை அடக்கும்.

5. புறம்போக்கு நிலங்களில் கிராம உத்தியோகஸ்தர்கள் முன்னின்று ஊரார் அனைவரையும் ஒரே சமயத்தில் இவ்வேலையில் ஈடுபடுத்துக. ஒருவர் நிலத்தில் விட்ட செடியின் விதை அடுத்தவர் நிலத்தையும் கெடுக்கும்.