பிள்ளை பெற்ற பிறகு கொட்டும் முடி

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் மாதக் கணக்கைப் பாட்டிமார் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். பிள்ளை சிரிப்பது இரண்டாம், மூன்றாம் மாதம். தாய்க்கு முடி கொட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.

பிரசவ லீவு முடிவதும் அப்போதுதான். கித்துல்கல பக்கத்துத் தோட்டங்களில் தாய்மார் மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தால் கூடைக் கயிறுதான் காரணம் என்பார் ஒருவர். ஆத்துத் தண்ணி ஒத்துக்கலை என்பார் இன்னொருவர். யாரோ கண்ணு போட்டுட்டாங்க என்பவர்களும் உண்டு. உண்மையான காரணம் என்ன, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைப் பார்ப்போம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளரும். பிறகு மூன்று மாதமளவில் ஓய்வாக இருந்து விழும். அதே வேரிலிருந்து புது முடி முளைக்கும். தோட்டத்தில் எல்லா மலையையும் ஒரே வருஷத்தில் கவ்வாத்து வெட்டுவதில்லை அல்லவா? முறை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். முடியும் அப்படித்தான் முறை வைத்து விழுகிறது. அதனால் தினமும் 50 முதல் 100 முடி விழுந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

கர்ப்ப காலத்தில் இந்த முறை மாறிவிடுகிறது. ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் உடம்பில் கூடுவதால், விழ வேண்டிய முடியும் விழாமல் நிற்கிறது. அந்த மாதங்களில் தலைமுடி அடர்த்தியாகத் தெரிவது அதனால்தான். பிள்ளை பிறந்ததும் ஹோர்மோன் சட்டென்று குறைந்துவிடுகிறது. நின்றிருந்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுகிறது. ஏழெட்டு மலையை ஒரே நேரத்தில் கவ்வாத்து வெட்டிய மாதிரி! வேர் சாகவில்லை. பெரும்பாலான தாய்மாருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் பழையபடி வந்துவிடும். இதற்கு மருந்தே தேவையில்லை. பால் கொடுப்பதால்தான் முடி போகிறது என்று நினைத்துப் பாலை நிறுத்தவும் கூடாது.

ஆனால் பிள்ளைக்கு ஒரு வயசு கழிந்தும் கொட்டினால்? அதை "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரத்தக் குறைவை.

பிரசவத்தில் இரத்தம் போகிறது. வயிற்றில் இருந்த பிள்ளையும் தாயின் இரும்புச்சத்தை எடுத்துக்கொண்டுதான் வளர்ந்தது. அதற்கு மேல், "குளிர்ச்சி" என்று பயந்து கீரை, பழம் எல்லாவற்றையும் பத்தியத்தில் நிறுத்திவிடுகிறோம். (மாமியார்மார் கோபிக்க வேண்டாம். பத்தியத்தில் பூண்டும் கருவாடும் கொடுப்பது நல்லதே. கீரையைத் தள்ளுவதைத்தான் சொல்கிறோம்.) உடம்பில் இரும்பு குறையும்போது இருதயம், மூளை போன்றவற்றுக்குத்தான் முதல் பங்கு. முடிக்குக் கடைசிப் பங்கு.

நாம் கவனிக்காத இன்னொரு விஷயம் தேத்தண்ணி. காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சாயத் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்பு சேர்வது பாதிக்கு மேல்கூடக் குறையலாம். நாமே பறிக்கும் தேயிலையைக் குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கல்சியம் குளிசையோடு சேர்த்தும் வேண்டாம். கொய்யா, நெல்லி, எலுமிச்சை போன்றவை இரும்பு சேர உதவும். முருங்கைக் கீரை, நெத்தலி, பயறு, கௌபி, முட்டை இவற்றில் எது கிடைக்கிறதோ அது தாயின் தட்டில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தாய் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

கொக்கிப் புழுவும் உண்டு. இது ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக ஏறி, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். இலங்கைத் தோட்டங்களில் 1916ஆம் ஆண்டே ராக்ஃபெல்லர் நிதியத்தார் இதற்கெதிராக வேலை தொடங்கினார்கள். நூறு வருஷம் கழிந்தாலும், கித்துல்கல போல மழை விடாத இடத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்களும், கக்கூசு இல்லாமல் வெளியே போகும் பழக்கமும் இருக்கும்வரை புழுவும் இருக்கும்.

சிலருக்குக் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி பிரசவத்துக்குப் பிறகு கோளாறாகிறது. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடம்பு ஊதுதல், காரணமில்லாத மனச்சோர்வு, கூடவே முடி கொட்டுதல். இதையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு.

கூடைக் கயிற்றையும் சும்மா விட முடியாது. பிள்ளை பெற்றதால் கொட்டும் முடி தலை முழுக்கக் குறையும். கயிற்றால் போகும் முடி, கயிறு படியும் கோட்டில் மட்டும் போகும். வருஷக் கணக்கில் அப்படியே இழுபட்டால் அந்த இடத்து வேர் செத்துவிடும், பிறகு முளைக்காது. கயிற்றுக்கும் தலைக்கும் நடுவே தடித்த துணியை மடித்து வையுங்கள், கயிறு படியும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், கொண்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு வியாதி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"கிளினிக்குப் போனா ஒரு பேர் போயிடும்" என்று தாய்மார் சொல்வது நியாயம்தான். ஆனால் பிள்ளைக்கு 9ஆம் மாதமும் 12ஆம் மாதமும் ஊசி போட எப்படியும் போகத்தான் வேண்டும். அன்றைக்கே மருத்துவ மாதுவிடம், "எனக்கும் இரத்தம் பார்க்கணும்" என்று கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தக் குறைவு. 12க்கு மேல் இருந்தும் களைப்பும் முடி கொட்டுதலும் நிற்காவிட்டால் இரும்புச் சேமிப்பையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லி, கரவனெல்ல ஆதார வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள். கடையில் விற்கும் முடி வளர்க்கும் மருந்தைப் பால் கொடுக்கும் தாய் டாக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது. தேங்காயெண்ணெய் தடவலாம், கெடுதல் இல்லை. ஆனால் இரத்தக் குறைவை எந்த எண்ணெயும் தீர்க்காது.

இரும்புக் குளிசை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். முடி மாதத்துக்கு ஒரு சென்றிமீற்றர் அளவில்தான் வளரும், ஆகவே வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். நெற்றியோரத்தில் குட்டை முடி குத்திட்டு நிற்பதைப் பார்த்து, முடி உடைந்துபோச்சு என்று சிலர் அழுகிறார்கள். அது உடைந்த முடியல்ல, புதிதாக முளைத்து வருகிற முடி.