வெளியே உட்காரும் நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாவட்டப் போட்டியில் பாதி நேரம் வெளியேதான் உட்கார்ந்திருந்தாயாம், இனி கபடிக்கே போகமாட்டேன் என்கிறாயாம். அப்பா போனில் சொன்னான். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. அவுட்டாகி உட்கார்ந்ததை அவமானம் என்று நினைக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கிரிக்கெட்டில் அவுட்டானால் அந்த இன்னிங்ஸில் மறுபடி மட்டை பிடிக்க முடியாது. கபடியில் எதிரணியில் ஒருத்தி அவுட்டானால் நம் பக்கம் ஒருத்தி உள்ளே வரலாம். அதுவும் முதலில் வெளியே போனவள்தான் முதலில் வரவேண்டும். பெரிய ரைடர் என்று யாரும் முந்த முடியாது. வெளியே இருக்கும்வரை உன் திறமை உனக்கு உதவாது. இன்னொருத்தி பாடிப் போய்த் தொட்டுவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் கார்னரில் நிற்பவள் கணுக்காலைப் பிடித்து அமுக்கவேண்டும். அவள் முழங்கை சிராய்த்து எடுக்கும் புள்ளியில்தான் நீ திரும்ப வருகிறாய். நீ எடுத்த புள்ளிகளில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள், யோசித்துப் பார்.

அதனால் வெளியே இருக்கும்போது தலையைத் தொங்கப்போடாமல் ஆட்டத்தைப் பார். எதிரணி ரைடர் போனஸ் கோட்டுக்கு எந்தக் காலை நீட்டுகிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள், எப்போது அவசரப்படுகிறாள்? ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான். உள்ளே நிற்பவளுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமேது?

காத்திருந்து திரும்பி வருவது பெரிய அணிகளுக்கும் உண்டு. 2010, 2014 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற நம் நாட்டுப் பெண்கள் கபடி அணி, 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் 24-27 என்று இறுதியாட்டத்தில் தோற்றது. அடுத்த போட்டியும் கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போனது. 2023இல் ஹாங்சோவில் சீன தைபேயை 26-25 என்று வென்று தங்கத்தை மீட்டார்கள். அந்த ஒரு புள்ளி யார் எடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. உன்மேல் விரல் பட்டதை நடுவர் பார்க்காவிட்டாலும் கையைத் தூக்கிவிட்டு வெளியே போ. உங்கள் கோச் வேறு மாதிரி சொல்லலாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். முழங்கால் உறைக்கு அப்பாவிடம் பணம் அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை பயிற்சிக்குப் போ.

அன்புடன்,
பெரியப்பா