கடனுக்கும் ஓர் எல்லை வகுப்போம்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் பொருளுக்கு வரையறை செய்துகொள்வதும் ஒன்று. சேர்க்கும் பொருளுக்கு எல்லை வகுக்கும் நாம், பட்ட கடனுக்கு எல்லை வகுக்கின்றோமா? இதனை இங்குச் சிறிது சிந்திப்போம்.

எமது இல்லத்தையே முதற்பாடமாக வைக்கின்றோம். 1998ஆம் ஆண்டில் மகளின் திருமணத்திற்காக ரூ.50,000 கடன் பெற்றோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. மாதந்தோறும் ரூ.1,000 தவறாது செலுத்தினோம். நாணயம் காத்தோம் என்ற பெருமிதமும் கொண்டிருந்தோம். நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் இரவு கணக்கெழுதிப் பார்த்தோம். செலுத்தியது ரூ.48,000. நின்ற கடனோ அதே ரூ.50,000! வகுப்பறையில் வட்டிக் கணக்குக் கற்பித்த நாம், நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்திலோம். வெட்கத்துடனேயே இதனை எழுதுகின்றோம்.

அவ்விரவு போட்ட கணக்கு இது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பது இதன் அடிப்படை.

மாதம் ரூ.1,000 செலுத்தினால்: வட்டிக்கே சரியாகும், கடன் என்றும் தீராது.

மாதம் ரூ.1,500 செலுத்தினால்: 56 மாதங்களில் தீரும்; வட்டி ஏறத்தாழ ரூ.33,000.

மாதம் ரூ.2,500 செலுத்தினால்: 26 மாதங்களில் தீரும், வட்டி ஏறத்தாழ ரூ.14,500.

மூன்றாவது வழியைத் தேர்ந்தோம். கூடுதல் ரூ.1,500க்கு எங்கே போவது? அஞ்சலகத்தில் மாதம் ரூ.500 சேமித்து வந்தோம். குறைந்த வட்டிக்குச் சேமித்துக்கொண்டே மிகுந்த வட்டிக்குக் கடன்பட்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும் என்று உணர்ந்து, அதனைக் கடனுக்குத் திருப்பினோம். மளிகைக் கடையின் பற்றுப் புத்தகத்தை மூடி, பட்டியலெழுதி ரொக்கத்திற்கு வாங்கினோம். பண்டிகைக்குப் பட்டெடுப்பதை நிறுத்தினோம். பிள்ளைகளிடமும் கடனை மறைக்காது கூறினோம். இளையவன் ஆசையோடு கேட்டிருந்த மிதிவண்டியைத் தானே தள்ளிவைக்கச் சொன்னான். புரோநோட்டு கைக்குத் திரும்பிய மறுமாதமே அதனை வாங்கிக் கொடுத்தோம்.

இவ்வனுபவத்தால் நாம் கற்றவை:

1. எல்லாக் கடன்களையும் வட்டி விகிதத்துடன் ஒரே தாளில் எழுதுக. வட்டி மிகுந்ததை முதலில் அடைக்க முற்படுக. ஏனையவற்றின் தவணைகளையும் தவறவிடற்க.

2. அசலில் செலுத்துவதை ஏற்பாரா என்று கடன் கொடுத்தவரிடம் முன்னரே கேட்டறிக. செலுத்திய தொகையைப் புரோநோட்டின் பின்புறம் உடனே வரவு வைக்கச் செய்க.

3. அடகிலுள்ள நகைக்கு வட்டி பெருகுமாயின், ஒரு நகையை விற்று மற்றதை மீட்பது, இரண்டும் முழுகிப்போவதினும் நன்று.

4. ஒரு மாதச் செலவுக்கேனும் கையிருப்பு வைத்திருங்கள். இல்லையெனில் ஒரு காய்ச்சல் வந்தாலும் புதுக்கடன் வாங்க நேரும்.

5. உணவிலும் மருந்திலும் பிள்ளைகளின் கல்வியிலும் கைவைக்கற்க. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு.

சகோதரிகளே! இன்றிரவே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு இல்லத்தார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். இதுவரை செலுத்திய வட்டியை முதலில் கூட்டுங்கள். அந்தத் தொகை நம்மைச் சற்றுச் சுடும். சுட்டால்தான் கை விலகும்.